இன்னொரு டேக்: வில்லியம் வைலரின் திரைவாழ்வு



பழைய ஹாலிவுட் இயக்குநர் ஒருவரைப் பற்றிப் பேசலாம் என்று நான் சொன்னதும் இந்த உரையின் அமைப்பாளர்கள் ஹிட்ச்காக்கையோ ஜான் ஃபோர்டையோ எதிர்பார்த்தார்கள். வில்லியம் வைலர் என்றதும் சிறிது மௌனம். 'பென்-ஹர்' எடுத்தவர் என்றேன். அப்படியா என்றார்கள். அந்த 'அப்படியா' இன்று எனக்குப் பயன்படும். சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கருக்கு 12 முறை பரிந்துரைக்கப்பட்டு 3 முறை வென்றவர் வைலர். 12 பரிந்துரை என்பதை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. அவர் இயக்கத்தில் ஆஸ்கர் வாங்கிய நடிப்புகள் 14. அப்படியிருந்தும் பெயரைச் சொன்னால் ஒரு படத்தைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. ஹிட்ச்காக்குக்கு அந்தத் தேவை இல்லை. இது ஏன் என்பதுதான் என் பேச்சு.

1902 ஜூலை 1 அன்று அல்சாஸ் பகுதியிலுள்ள முலூஸ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அது ஜெர்மனியின் ஊர். தந்தை ஸ்விட்சர்லாந்துக்காரர், ஆடையும் ஆடைச் சாமான்களும் விற்கும் கடை வைத்திருந்தார். முதல் உலகப் போரில் ஊர் கை மாறி மாறி, 1918இல் பிரான்சுக்குப் போனது. பையன் கடைக்கு லாயக்கில்லை என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. தாய் மெலனியின் உறவினர் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார்: யுனிவர்சல் ஸ்டுடியோவை நிறுவிய கார்ல் லெம்லி. சொந்தக்காரர்களைக் கூட்டிவந்து வேலையில் வைப்பதற்குப் பேர்போனவர். அவர் தயவில் 1920இல் கப்பலேறிய வைலர், நியூயார்க் அலுவலகத்தில் சில்லறை வேலைகள் பார்த்துவிட்டு ஹாலிவுட்டுக்குப் போனார். அங்கும் எடுபிடி வேலைதான். எம்.ஜி.எம். 1925இல் எடுத்த மௌனப்பட 'பென்-ஹர்'ரின் தேரோட்டக் காட்சியில், கூட்டத்தைக் கட்டுப்படுத்த அமர்த்திய உதவியாளர்களில் அவரும் ஒருவர்.

அதே ஆண்டு யுனிவர்சல் அவரை இயக்குநர் ஆக்கியது. இரண்டு ரீல் கௌபாய் படங்கள். ஒவ்வொன்றும் சில நாள்களில் முடிய வேண்டும். கதை ஏறக்குறைய ஒன்றே. குதிரை ஓடும், துப்பாக்கி வெடிக்கும், பெண் காப்பாற்றப்படுவாள். ஒரே காட்சியை வாராவாரம் வேறு மாதிரி எடுத்தாக வேண்டிய கட்டாயத்தில், கேமராவை எங்கே வைப்பது என்பதைத் தவிர அவர் கையில் வேறொன்றும் இல்லை. படிப்பு அங்கேதான் நடந்தது என்று நினைக்கிறேன்.

பேசும்படம் வந்ததும் 'ஹெல்ஸ் ஹீரோஸ்' எடுத்தார். யுனிவர்சல் முழுக்க வெளிப்புறத்தில் எடுத்த முதல் பேசும்படம் அது. இரைச்சல் ஒலிப்பதிவில் ஏறாமல் இருக்க, கேமராவையும் ஒளிப்பதிவாளரையும் மெத்தை தைத்த ஒரு பெட்டிக்குள் அடைப்பார்கள் அப்போது. பாலைவனத்தில், தண்டவாளம் போட்டு, அந்தப் பெட்டியை ஆட்கள் சத்தமில்லாமல் தள்ளினார்கள். ஷாட் முடிந்து கதவைத் திறந்தால் ஒளிப்பதிவாளர் மயங்கிக் கிடந்தார் என்று வைலர் பின்னாளில் சொன்னார். கேமரா நகர்ந்தே ஆக வேண்டும் என்று முரண்டு பிடித்த அதே மனிதர், பத்தாண்டு கழித்து கேமராவை நகர்த்தாமலே படம் எடுப்பதில் பெயர் வாங்கினார்.

இனி அவருக்குக் கெட்ட பெயர் வாங்கித்தந்த பழக்கத்துக்கு வருகிறேன். ஹாலிவுட் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'நாற்பது டேக் வைலர்'. கோபம் அதிகமானவர்கள் 'தொண்ணூறு டேக்' என்றார்கள். 1933இல் 'கவுன்செலர் அட் லா' எடுத்தபோது நாயகன் ஜான் பேரிமோர். பெரிய மேடை நடிகர், குடியால் நினைவு தடுமாறத் தொடங்கியிருந்தார். ஒரு காட்சியில் வசனம் மறந்து மறந்து டேக்குகள் ஐம்பதைத் தாண்டின என்பார்கள். மறுநாள் காலை வந்து முதல் டேக்கிலேயே முடித்துக்கொடுத்தார். இதில் வைலர் மேல் குற்றமில்லை. ஆனால் மற்ற நேரங்களில் நடிகருக்கு வசனம் மறக்கவே இல்லை. நடிப்பிலும் குறை தெரியவில்லை. இவர் மட்டும் 'இன்னொரு முறை' என்பார். எதை மாற்ற வேண்டும் என்று கேட்டால் சொல்லமாட்டார். 'வதரிங் ஹைட்ஸ்' படப்பிடிப்பில் லாரன்ஸ் ஒலிவியே பொறுமையிழந்து, எல்லா விதமாகவும் செய்து காட்டிவிட்டேன், என்னதான் வேண்டும் என்று கேட்டாராம். இன்னும் நன்றாக வேண்டும் என்பதுதான் கிடைத்த பதில்.

இதைக் கொடுமை என்றவர்கள் உண்டு. மனத்தெளிவில்லாதவர், எடுத்துக் குவித்துவிட்டுப் பிறகு தேர்ந்தெடுக்கிறார் என்றவர்களும் உண்டு. கொடுமையும் கொஞ்சம் இருந்தது, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. 'ரோமன் ஹாலிடே'யில் ஆட்ரி ஹெப்பர்னுக்கு அழுகை வராதபோது அவரைக் கடிந்து பேசித்தான் அழவைத்தார். ஆனால் தெளிவில்லை என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. நடித்துக் காட்டும் இயக்குநருக்குத் தனக்கு வேண்டியது முன்பே தெரியும். நடிகர் அதை நகலெடுக்கிறார். வைலருக்கு வேண்டியது முன்பே இல்லாத ஒன்று. அது வரும்போது அடையாளம் காண அவரால் முடியும், வரவழைக்கும் வழியைச் சொல்ல முடியாது. நடிகர் தயாரித்துக்கொண்டு வந்த நடிப்பு பத்தாவது டேக்கில் தேய்ந்துவிடும். இருபதாவதில் எரிச்சல் வரும். அதற்கும் அப்பால், நடிப்பதை விட்டுவிட்டு ஆள் வெறுமனே அந்த அறையில் இருப்பார். அந்த இடத்துக்காகக் காத்திருந்தார் வைலர். இரண்டு ரீல் படங்களை அவசரமாக எடுத்துத் தள்ளியவர் இப்படி மாறியது வேடிக்கைதான்.

பெட்டி டேவிஸ் இதைப் புரிந்துகொண்டவர். 'ஜெசபெல்' படத்தில் அவர் குதிரையிலிருந்து இறங்கி, கையிலிருந்த சாட்டையால் நீண்ட பாவாடையின் பின்பகுதியைத் தூக்கியபடி வீட்டுக்குள் நுழைய வேண்டும். திரையில் சில விநாடி. திரும்பத் திரும்ப எடுத்தார் வைலர். டேவிஸ் கொதித்தார். எடுத்ததைப் போட்டுக் காட்டியபோது, தேர்ந்தெடுத்த டேக்கில் அந்தப் பெண்ணின் முழுத் திமிரும் ஒரே அசைவில் இருப்பதைக் கண்டு அடங்கினார். அந்தப் படம் அவருக்கு ஆஸ்கர் வாங்கித்தந்தது. ஒலிவியேவும் பின்னாளில், திரைப்பட நடிப்பை மதிக்கக் கற்றுக்கொடுத்தவர் வைலர் என்று சொன்னார்.

டேவிசோடு அடுத்து எடுத்த 'தி லெட்டர்' 1940இல் வந்தது. சாமர்செட் மாம் கதை. மலாயா ரப்பர்த் தோட்டம். தோட்டம் என்றதும் நம் ஆட்களைத் தேடாதீர்கள், அது கலிபோர்னியாவில் போட்ட செட். ஆனால் அந்தத் தொடக்கத்தைப் பாருங்கள். நிலா வெளிச்சம். மரத்திலிருந்து பால் சொட்டுச் சொட்டாகக் கோப்பையில் விழுகிறது. கேமரா மெல்ல நகர்ந்து, தூங்கும் தொழிலாளர்களைக் கடந்து, துரை பங்களா வரை வருகிறது. வெடிச்சத்தம். ஒருவன் தடுமாறி வெளியே வருகிறான், பின்னாலேயே டேவிஸ், துப்பாக்கி காலியாகும்வரை சுடுகிறார். காரணம் ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை. அவர் முகத்தைப் பார்த்து நாமே யூகிக்க வேண்டும்.

1930களின் நடுவிலிருந்து தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வினோடு ஒப்பந்தம். இருவரும் ஓயாமல் சண்டையிட்டுக்கொண்டே நல்ல படங்களை எடுத்தார்கள். 'டாட்ஸ்வொர்த்', 'டெட் எண்ட்', 'வதரிங் ஹைட்ஸ்', 'தி லிட்டில் ஃபாக்ஸஸ்'. கோல்ட்வினிடம் கிடைத்த பெரிய லாபம் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட். அருகிலிருப்பதும் தூரத்திலிருப்பதும் ஒரே ஷாட்டில் தெளிவாகத் தெரியும்படி எடுப்பதில் மன்னர். ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' படத்தின் ஒளிப்பதிவும் இவருடையதுதான். வெல்ஸ் அந்த ஆழத்தைக் கண்ணைப் பறிக்கப் பயன்படுத்தினார். வைலர் அதை ஷாட்டை வெட்டுவதைத் தவிர்க்கப் பயன்படுத்தினார். இருவர் பேசினால் மாற்றி மாற்றி க்ளோஸ்-அப் காட்டி, இப்போது இவரைப் பார், இப்போது அவரைப் பார் என்று பார்வையாளரைப் பிடித்துத் திருப்பாமல், இருவரையும் ஒரே சட்டத்தில் விட்டுவிடுவது. நடிகருக்கு எதையும் சொல்லிக்கொடுக்காத மனிதர், பார்வையாளருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒரு காட்சியைக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

(திரையில் 'தி லிட்டில் ஃபாக்ஸஸ்' படத்தின் படிக்கட்டுக் காட்சி காட்டப்பட்டது.)

பார்த்தீர்கள். கணவனுக்கு நெஞ்சுவலி. மருந்து மாடியில் இருக்கிறது. மனைவி எடுத்துவர வேண்டும், எழுந்திருக்கவில்லை. நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் டேவிசின் வெளுத்த முகம் முன்னால், தெளிவாக. பின்னால் கணவன் தடுமாறிப் படியேறுகிறான், ஆனால் மங்கலாக. ஆழம் முழுவதையும் துல்லியமாகக் காட்ட டோலண்டால் முடியும். வேண்டுமென்றே மங்கலாக்கியிருக்கிறார்கள். சாவு நடக்கும் இடம் தெளிவாகத் தெரிந்திருந்தால் நாம் அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருப்போம். தெரியாததால் இவள் முகத்தைப் பார்க்கிறோம், பின்னால் நடப்பதைக் காதால் தேடுகிறோம், அவளும் அதைத்தானே செய்கிறாள்? கணவனாக நடித்த ஹெர்பர்ட் மார்ஷல் முதல் உலகப் போரில் ஒரு காலை இழந்தவர். மங்கலில் படியேறியது வேறொருவர் என்று சொல்வதுண்டு. தொழில் தேவையும் கலைத் தேவையும் இவ்வளவு பொருந்திப்போவது அபூர்வம். இந்தப் படத்துக்குப் பிறகு வைலரும் டேவிசும் சேர்ந்து வேலை செய்யவே இல்லை. பாத்திரத்தை எப்படி நடிப்பது என்பதில் அவ்வளவு சண்டை.

இரண்டாம் உலகப் போர் வந்தது. அமெரிக்கா இறங்குவதற்கு முன்பே 'மிஸஸ் மினிவர்' தொடங்கிவிட்டது. ஆங்கிலேயக் குடும்பம் ஒன்று குண்டுவீச்சைத் தாங்கும் கதை. அதில் வரும் ஜெர்மன் விமானி வெறிபிடித்த நாஜியாக இருக்க வேண்டும் என்றார் வைலர். எம்.ஜி.எம்.மின் லூயி மேயர் தயங்கினார். பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பின் தயக்கம் போய்விட்டது. வைலருக்கு இதில் சொந்தக் கணக்கு இருந்தது. முலூஸில் விட்டுவந்த யூதர்களை அமெரிக்காவுக்கு வரவழைக்கப் பணமும் பிணைக் கடிதமும் கொடுத்துவந்தவர் அவர். நாற்பதை எட்டும் வயதில், இரு குழந்தைகளின் தகப்பன், விமானப்படையில் மேஜராகச் சேர்ந்தார்.

இங்கிலாந்தின் பாசிங்போர்ன் தளம். 1943 பிப்ரவரி 26 அன்று முதன்முறையாகக் குண்டுவீச்சு விமானத்தில் ஏறி வில்ஹெல்ம்ஸ்ஹாவன் மேல் பறந்தார். கதகதப்பில்லாத விமானம், ஆக்சிஜன் குழாய், குளிரில் உறைந்து நிற்கும் கேமரா. ஆறு நாள் கழித்து மார்ச் 4 அன்று 'மிஸஸ் மினிவர்' படத்துக்காக அவருக்குச் சிறந்த இயக்குநர் விருது அறிவிக்கப்பட்டபோது மனைவி மார்கரெட் மேடையேறி வாங்கினார். அவரோ, போரை நேரில் பார்த்தபின் அந்தப் படம் மேலோட்டமானது என்று நினைக்கத் தொடங்கியிருந்தார். அவர் குழுவில் ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவிலிருந்து வந்த ஹரால்ட் டானன்பாம் சுட்டு வீழ்த்தப்பட்ட விமானத்தில் இறந்தார். 'மெம்ஃபிஸ் பெல்' என்ற வண்ண ஆவணப்படம் இப்படி உருவானது. ஷாட் சரியில்லை, இன்னொரு முறை என்று அவரால் சொல்ல முடியாத படப்பிடிப்பு அது.

1944இல் வாஷிங்டன் ஓட்டல் ஒன்றின் வாசலில் பணியாள் ஒருவர் யூதர்களை இழித்துப் பேசியதைக் கேட்டு, சீருடையோடு ஓங்கிக் குத்தினார். படை நிர்வாகம் கண்டனக் கடிதம் கொடுத்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் விடுவிக்கப்பட்ட முலூஸுக்குப் போனார். தந்தையின் கடை இருந்தது. தெரிந்த யூதக் குடும்பங்கள் இல்லை. 1945 வசந்தத்தில் 'தண்டர்போல்ட்' படத்துக்காக இத்தாலியின் மேல் பி-25 விமானத்தில் திறப்பின் வழியே படுத்தபடி கடற்கரையைப் படம்பிடித்தார். இறங்கியபோது காது கேட்கவில்லை. ஒரு காது முழுதாகப் போய்விட்டது. மற்றொன்றில் கொஞ்சம் திரும்பி வந்தது. படம் எடுப்பதே முடிந்தது என்று நினைத்தார்.

அதன்பின் எடுத்ததுதான் 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்', 1946. என் கணக்கில் அவருடைய மிகச்சிறந்த படம். அமெரிக்கர்கள் தங்கள் போரைப் பற்றி எடுத்த படங்களிலும் அதற்கு மேல் ஒன்றை நான் பார்க்கவில்லை. போர் முடிந்து ஒரே ஊருக்குத் திரும்பும் மூன்று பேர். ஒருவன் கடற்படையாள் ஹோமர், இரு கைகளையும் இழந்தவன். அந்தப் பாத்திரத்துக்கு ஹரால்ட் ரசல் என்ற, நடிகரே இல்லாத ஒருவரைப் பிடித்தார் வைலர். 1944 ஜூன் 6, நார்மண்டியில் படை இறங்கிய அதே நாள், அமெரிக்கப் பயிற்சி முகாமில் வெடிமருந்து கையிலேயே வெடித்துக் கைகளை இழந்த சிப்பாய். மறுவாழ்வு பற்றிய ராணுவக் குறும்படத்தில் அவர் இரும்புக் கொக்கிகளைக் கையாள்வதைப் பார்த்திருந்தார் வைலர். கோல்ட்வின் அவரை நடிப்புப் பயிற்சிக்கு அனுப்பியதாகத் தெரிந்ததும் ஆத்திரப்பட்டார். மற்ற நடிகர்களிடம் நாற்பது டேக் எடுத்து உரித்தெடுப்பது இவரிடம் முதலிலேயே இருந்தது, அதன்மேல் ஏன் பூசவேண்டும்?

ஒலிக்கருவியோடு இணைத்த ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கேமராவுக்கு அருகில் உட்கார்ந்து வசனங்களைக் கேட்டார். நடிகர்கள் கடையில் சாதாரணத் துணிகளை வாங்கி முன்கூட்டியே உடுத்திப் பழகினார்கள். வீட்டு செட்டுகள் உண்மையான வீட்டளவுக்குச் சிறியவை. மூவரில் இன்னொருவராக வரும் ஃப்ரெட்ரிக் மார்ச் கதவைத் திறந்து, பிள்ளைகளைக் கையமர்த்தி நிறுத்த, உள்ளேயிருந்து மனைவி நடைவழியின் மறுமுனையில் வந்து நிற்கும் காட்சி இருக்கிறதே, அது வைலரும் மார்கரெட்டும் ஓட்டல் தாழ்வாரத்தில் சந்தித்துக்கொண்ட விதம். ஹோமர் வீட்டுவாசலில் கையசைத்து நண்பர்களுக்கு விடைகொடுக்கும்போது கொக்கியைப் பார்த்துவிட்ட தாயிடமிருந்து ஒரு விம்மல் வரும். அதற்கு க்ளோஸ்-அப் கிடையாது. வேறு யாராக இருந்தாலும் வைத்திருப்பார்கள்.

மதுக்கடைக் காட்சிக்கு வருவோம். முன்னால் பியானோ, ஹோமர் கொக்கிகளால் வாசித்துக் காட்டுகிறான், எல்லாருக்கும் சந்தோஷம். கதைக்கு முக்கியமானது அங்கே இல்லை. தூரத்தில், சட்டத்தின் மூலையில், தொலைபேசிக் கூண்டுக்குள், மூன்றாமவனாக வரும் டானா ஆண்ட்ரூஸ் ஒரு பெண்ணுடனான உறவை முறித்துக்கொண்டிருக்கிறான். அந்தப் பெண்ணின் தந்தை மார்ச், பியானோவைப் பார்ப்பதுபோல நின்று கூண்டைப் பார்க்கிறார். குரல் கேட்காது. சிறியதாக ஓர் உருவம் மட்டும். காது போன இயக்குநர் எடுத்த காட்சி அது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது; ஆனால் இந்த முறையை அவர் காது நன்றாக இருந்தபோதே பழகிவிட்டார், அதனால் சொல்லமாட்டேன்.

ஏழு ஆஸ்கர்கள். ரசலுக்கு ஒரே நடிப்புக்காக இரண்டு, ஒன்று சிறப்பு விருது. பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பாசான் 1948இல் வைலரைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். இயக்குநர் தன்னை அழித்துக்கொள்வதே இங்கு பாணி என்பது அதன் சாரம். ஆனால் பாசானின் சீடர்கள் வேறு பக்கம் போனார்கள். இயக்குநர் என்றால் படத்துக்குப் படம் தன் முத்திரை பதிக்க வேண்டும் என்ற கொள்கை பிறந்தது. நாவல், நாடகம், கௌபாய், இசைப்படம் என்று கைக்கு வந்ததையெல்லாம் எடுத்தவர் அதில் அடிபட்டுப்போனார். அமெரிக்காவில் ஆண்ட்ரூ சாரிஸ் 1968இல் போட்ட தரவரிசையில், வெளித்தோற்றத்துக்கேற்ற சரக்கு இல்லாதவர்கள் என்ற வகுப்பில் வைலரை வைத்தார். நாம் தொடக்கத்தில் கேட்ட 'அப்படியா'வின் மூலம் அதுதான்.

1947இல் கம்யூனிஸ்ட் வேட்டை தொடங்கியபோது ஜான் ஹியூஸ்டன், ஃபிலிப் டன் ஆகியோருடன் சேர்ந்து எதிர்ப்புக் குழு அமைத்தார். இந்தச் சூழலில் 'பெஸ்ட் இயர்ஸ்' போன்ற படத்தை எடுக்க விடமாட்டார்கள் என்று வானொலியிலும் பேசினார். பிறகு அந்தக் குழு கலைந்தது, அவர் தொழிலைத் தொடர்ந்தார். 1953இல் 'ரோமன் ஹாலிடே' வந்தபோது கதையாசிரியர் டால்டன் ட்ரம்போவின் பெயர் திரையில் இல்லை. கறுப்புப் பட்டியலில் இருந்தவர். ஆஸ்கர் வேறு பெயருக்குப் போனது. ட்ரம்போ இறந்து பல ஆண்டுகள் கழித்து 1993இல்தான் அவர் பெயரில் விருது தந்தார்கள். அரண்மனையிலிருந்து ஒருநாள் தப்பிவரும் இளவரசியும் செய்தியாளரும்: தமிழில் 'மே மாதம்' படம் பார்த்தவர்களுக்குக் கதை புதிதல்ல.

அதற்கு முன் 1949இல் வந்த 'தி ஹெயரஸ்' பற்றி ஒன்று. காதலன் வரமாட்டான் என்று தெரிந்தபின் ஒலிவியா டி ஹாவிலண்ட் பெட்டியோடு படியேற வேண்டும். பல டேக். கடைசியில் அவர் கோபத்தில் பெட்டியையே விட்டெறிந்தார். அது காலிப் பெட்டி என்பதை அப்போதுதான் கவனித்த வைலர், கனமானவற்றை உள்ளே நிரப்பச் சொன்னார். அடுத்த டேக்கில் உடம்பே சொல்லிவிட்டது. நடிகைக்கு அவர் கொடுத்த மிகத் தெளிவான விளக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

'பென்-ஹர்' 1959. ரோமின் சினெசிட்டா ஸ்டுடியோ, சுமார் ஒன்றரைக் கோடி டாலர் செலவு, பதினோரு ஆஸ்கர். எல்லாரும் நினைவில் வைத்திருக்கும் தேரோட்டத்தை எடுத்தவர்கள் ஆண்ட்ரூ மார்ட்டனும் யகிமா கனூட்டும். அதை வைலரே மறைத்ததில்லை. அகலத்திரையில் ஆழம் காட்டுவது சிரமம், இரண்டு பேரை நிறுத்தினாலும் நடுவே காலி மைதானம். எனக்கு அந்தப் படத்தின் மேல் மரியாதை உண்டு, பிரியம் இல்லை. இதைவிட, 1968இல் காது மந்தமான 66 வயதுக்காரர் இசைப்படம் எடுக்கத் துணிந்து, முதல் படத்தில் நடித்த பார்பரா ஸ்ட்ரைசாண்டுக்கு ஆஸ்கர் வாங்கிக்கொடுத்த 'ஃபன்னி கேர்ள்' எனக்குச் சுவாரசியமானது. கடைசிப் படம் 1970இல். 1981 ஜூலை 27 அன்று, மகள் கேதரின் எடுத்துக்கொண்டிருந்த ஆவணப்படத்துக்குப் பேட்டி கொடுத்த மூன்றாம் நாள், மாரடைப்பில் இறந்தார்.

உங்கள் துறையில் திரையிடல் வைப்பதாகச் சொன்னார்கள். 'பென்-ஹர்' வேண்டாம், அது எங்கும் கிடைக்கும். 'டாட்ஸ்வொர்த்' போடுங்கள், அடுத்து 'தி ஹெயரஸ்', மூன்றாவதாக 'பெஸ்ட் இயர்ஸ்'. அதன் முடிவில் ஹோமரின் கல்யாணம் நடக்கும்போது மணமக்களை விட்டுவிட்டு, சட்டத்தின் இரு ஓரங்களில் தனித்தனியாக நிற்கும் ஆண்ட்ரூசையும், மார்ச்சின் மகளாக வரும் டெரசா ரைட்டையும் பாருங்கள். உறுதிமொழி யாருக்காகப் படிக்கப்படுகிறது என்பதை விவாதித்துவிட்டு எனக்கும் எழுதுங்கள். இப்போது கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.